ஒற்றை விசில்

ஜூன் 3, செவ்வாய்

ஜனவரியில் யாரோ கொடுத்த டைரி. பீரோவில் சும்மா கிடந்தது. ரிஸ்வானா சொன்னதால் இன்று எடுத்தேன்.

ரிஸ்வானா கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். இருபத்தாறு வயது இருக்கும். ஒரு சின்னப் பெட்டியும் ஒரு டப்பா நிறையப் பட்டைகளும் கொண்டுவந்தாள். பட்டை என்றால் ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு, நுங்கைச் சீவினது மாதிரி, வழவழவென்று, தொட்டால் சில்லென்று இருக்கிறது. “இதுல முக்கால்வாசி தண்ணிதான் ஆன்ட்டி. தோல்ல ஒட்டுனா உள்ள சதை அசையற கரன்ட்டப் பிடிச்சுக்கும்” என்றாள்.

எனக்கே பாடம்! இருபத்தாறு வருஷம் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தவள் நான். ரப்பர் பல்பை நெஞ்சில் உறிஞ்சவைத்த காலத்திலிருந்து ஸ்டிக்கர் காலம் வரை பார்த்தாயிற்று.

என் வீட்டுக்காரருக்கு மிச்சம் இருப்பது இடது கன்னம்தான். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் காலில் செருப்பு நிற்கவில்லை என்று ஆரம்பித்தது. பிறகு கால், கை, குரல், முழுங்குவது, எல்லாம் வரிசையாகப் போயிற்று. வயிற்றில் குழாய் வைத்துக் கஞ்சி விடுகிறேன். அறிவு மட்டும் அப்படியே இருக்கிறது, அதுதான் இந்த நோயின் கொடுமை. கண்ணைச் சிமிட்டச் சொல்லிப் பார்த்தோம். இமை தானாகச் சொருகிக்கொள்கிறது. எது பதில், எது கூச்சம் என்று எனக்கும் மகளுக்கும் சண்டைதான் மிச்சம்.

கன்னத்தில் பட்டையை ஒட்டினாள். “சார், கன்னத்த லேசா இறுக்குங்க.” பெட்டியிலிருந்து டிங் என்று மணி அடித்தது.

பதினோரு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் அவர் போட்ட முதல் சத்தம். நான் அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று உள்ளே போய் அழுதேன்.

பெட்டியில் திரை இல்லை. “கோடு எங்கம்மிணி?” என்று கேட்டேன். கோடெல்லாம் உள்ளே பதிவாகும், மாதம் ஒருமுறை வந்து எடுத்துப் பார்ப்பார்களாம். போகும்போது, “பெல் அடிக்கறப்ப பட்டை மேல கை படக்கூடாது ஆன்ட்டி” என்றாள். அதையும் எனக்கே சொல்கிறாள். புதிதாக வேலைக்கு வந்த எத்தனை பிள்ளைகளின் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன்! கை பட்டால் கோடு எகிறும், அது நோயாளியோட கோடு இல்லை, உன்ற கோடு என்று.

ஜூன் 4, புதன்

ஆமாம் என்றால் ஒரு மணி, இல்லை என்றால் இரண்டு மணி என்று ரிஸ்வானா சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இவர் இரண்டையும் தாறுமாறாக அடித்தார். காலையெல்லாம் எரிச்சல். பிறகுதான் எனக்கு உறைத்தது.

“ஏனுங்க, பஸ்ஸுல மாதிரியே வெச்சுக்கலாங்களா? ஒண்ணுன்னா நிறுத்து, ரெண்டுன்னா போலாம்?”

டிங், டிங்.

முப்பத்தொரு வருஷம் கண்டக்டர். பெரும்பாலும் பொள்ளாச்சி – வால்பாறை தடம். நாற்பது கொண்டை ஊசி வளைவு. எதிரில் லாரி வந்துவிட்டால் இவர் இறங்கிப் பின்னால் நிற்பார். ரெண்டு விசில் கொடுத்தால் டிரைவர் வண்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும், ஒற்றை விசில் கொடுத்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். சோறு திங்கும்போதுகூட இதைத்தான் சொல்வார். “ஒத்த விசிலுன்னா ஒத்த விசிலுதான் கமலவேணி. ஏன், எதுக்குன்னு ரோசன பண்ணற டிரைவர் வண்டிய பள்ளத்துல எறக்கிப்போடுவான். ஒத்த விசிலுக்கு நிக்காதவன்கூட நான் டூட்டி போக மாட்டேன்.”

ஃபேன் போடலாமா? இரண்டு. ரேடியோ? ஒன்று. தலையணையைத் தூக்கலாமா? இரண்டு. நாள் முழுக்க இதே விளையாட்டு.

ஜூன் 9, திங்கள்

பட்டை காலை ஆறரைக்கு ஒட்டினால் சாயந்திரம் வரை வருகிறது. ஃபேன் நேராக அடித்தால் ஓரம் காய்ந்து சுருண்டுகொள்கிறது. டப்பாவுக்குள் ஈரத்துணி போட்டு மூடிவைக்கிறேன். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. ரிஸ்வானாவுக்கு இந்த விவரமெல்லாம் தனித் தாளில் எழுதுகிறேன், டைரி எனக்கு.

இன்று கன்னத்தை மழித்துவிட்டேன். மீசையைக் குறைக்கலாமா என்றேன். ஒன்று. இன்னும் கொஞ்சம் அழகாக இருக்குமே என்றேன். ஒன்று. அட, இந்த நிலைமையிலும் மீசைக்கு என்ன வீம்பு என்று சிரித்துவிட்டேன். படுக்கைத் துணி இரண்டு துவைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

இந்துமதி உடுமலையிலிருந்து வந்தாள். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரே மகள். “அப்பா, நான் வந்தது சந்தோசமாங்கப்பா?” இரண்டு. “நாளைக்கு லீவு போட்டுட்டு இருக்கட்டுங்களா?” ஒன்று. பிள்ளைகள் படிப்புக் கெடக் கூடாதாம். அவள் அழுதுகொண்டே சிரிக்கிறாள், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்பாவும் மகளுமாக ஒரு மணி நேரம் பேசினார்கள். மணி அடிக்க அடிக்கக் கன்னம் களைத்துப் போகிறது. நான்தான் போதும் என்று பட்டையை எடுத்தேன்.

ஜூன் 26, வியாழன்

இரண்டு நாளாக மணி மெதுவாக வருகிறது. பட்டையா, கன்னமா தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். நல்ல மனுஷன், சுற்றி வளைக்கவில்லை. மூச்சுச் சதை பாதிக்கு மேல் போய்விட்டது. இன்னும் இரண்டு மூன்று வாரம். கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து மூச்சு மெசினோடு சேர்த்தால் சில வருஷம்கூட இருக்கலாம். இல்லாவிட்டால் சிரமம் தெரியாமல் மருந்து கொடுத்து விட்டுவிடலாம்.

“அப்பறம் வேண்டாம்னா எடுத்துக்கலாங்களா?” என்றேன்.

“வெச்சுப்போட்டா எடுக்கறது லேசில்லீங்கம்மா. அதுக்கு ஆயிரம் நடைமுறை இருக்குது. அவருக்கு நெனவு நல்லாத்தான இருக்குது? பெல்லும் இருக்குது. அவரையே கேளுங்க. அவரு சொல்றதுதான் முடிவு.”

எல்லாம் அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பேசியது. நான் டாக்டருக்கு மோர் கொடுத்தேன்.

ஜூலை 10, வியாழன்

ஒன்று எழுதிவைக்க வேண்டும். நான் வேலையில் இருந்தபோது ஒருநாள் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்தவர், நான் ஈசிஜி எடுக்கிற இடம் வரை வந்துவிட்டார். அங்கே மூச்சு மெசினில் ஒரு பெரியவர் எட்டு மாதமாகக் கிடந்தார். இவர் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே வந்து, “என்னய இப்படி வெச்சுப்போடாத” என்றார்.

அது நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த காலத்தில் சொன்னது. அப்போது சொல்வதற்கென்ன, யாரும் சொல்வார்கள். இப்போது மனசு மாறியிருக்கும். மீசைக்கு வீம்பு பிடிக்கிற மனுஷனுக்கு உயிர் மேல் ஆசை இருக்காதா?

இந்துமதியிடம் இதைச் சொல்லவில்லை. அவளைக் குழப்புவானேன்.

ஜூலை 14, திங்கள்

நான் இன்னும் கேட்கவில்லை. காலையில் கேட்கலாம் என்றால் அவர் தூங்குகிறார். மத்தியானம் சளி எடுக்க வேண்டும். ரசத்துக்குப் புளி இல்லை, கடைக்குப் போய் வந்தேன். பக்கத்து வீட்டுப் பூரணி அக்கா பிடித்துக்கொண்டு அரை மணி பேசினாள்.

இவர் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று கடையில் நிற்கும்போது நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. வேறு வார்த்தை இல்லை.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. கோயிலுக்குப் போகவில்லை. காலையிலிருந்து பேய்க்காற்று, ஜன்னலை மூடினால் அவருக்கு மூச்சு முட்டுகிறது, திறந்தால் பட்டை காய்கிறது. டப்பாவில் கடைசி இரண்டுதான். கூரியரில் அனுப்பிவிட்டேன் என்கிறாள் ரிஸ்வானா, திங்கட்கிழமைதான் வருமாம். காய்ந்த பட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் இளகியது, ஓரம் மட்டும் ஒட்டவில்லை.

நாளைக்கு இந்துமதி வருகிறாள். “நீங்க கேக்கமாட்டீங்கம்மா, எனக்குத் தெரியும். நான் வரேன், ரெண்டு பேரும் சேந்து கேட்டுருலாம்” என்றாள் போனில்.

ஜூலை 19, சனி

கேட்டாயிற்று.

பதினொரு மணி இருக்கும். இந்துமதி கால்மாட்டில், நான் தலைமாட்டில். அவள் வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. ஆகவே நான் கேட்டேன்.

“ஏனுங்க, டாக்டர் சொன்னத நீங்களும் கேட்டீங்க. கழுத்துல கொழாய் வெச்சு மெசின் போட்டா இருக்கலாம். போடலாங்களா? போலாமா, வேண்டாமா?”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது.

காத்திருந்தோம். இந்துமதி வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டையின் ஓரம் காற்றில் தூக்கிக்கொண்டிருந்தது. அது சரியாக ஒட்டாவிட்டால் அவர் அடிக்கிற மணி எப்படிக் கேட்கும்? விரலால் அழுத்தி ஒட்டவைத்தேன்.

இரண்டாவது மணி அடித்தது.

“ரெண்டுங்கம்மா! அப்பா போலாங்கறாரு!” என்று இந்துமதி அவர் மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். வலது கன்னத்தில் முகம் வைத்து அழுதாள். நான் டாக்டருக்குப் போன் செய்தேன். திங்கள் அட்மிஷன், செவ்வாய் ஆபரேஷன்.

மத்தியானத்துக்குத் தக்காளிச் சாதம் செய்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

பட்டையை எடுத்துவிட்டேன். கன்னம் சிவந்திருக்கிறது, தோலுக்கு ஓய்வு வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போதே கூரியரும் வந்தது. இந்துமதி பிரிக்கப் போனாள். ஆஸ்பத்திரியில் சாமான் தொலைந்துபோகும், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரிக்கு மேல் வைக்கச் சொன்னேன். மணிப் பெட்டியும் வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன்.

வழியெல்லாம் அவர் வண்டியின் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜூலை 22, செவ்வாய்

நல்லபடியாக முடிந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வந்தோம். இன்று ஆடிப்பெருக்கு. தெருவில் எல்லோரும் சித்திரான்னம் கட்டிக்கொண்டு ஆழியாறுக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் மெசின் சத்தம். புஸ் என்று ஊதுகிறது, நிற்கிறது, மறுபடி ஊதுகிறது. நிமிஷத்துக்குப் பதினாலு. முதல் நாளே எண்ணிவிட்டேன், பழக்கம்.

மெசினுக்கு இன்வெர்ட்டர் தனி. தொண்டைக் குழாயில் சளி எடுக்க இரண்டு மணிக்கொருதரம் எழ வேண்டும். இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. முகம் நல்ல நிறத்துக்கு வந்திருக்கிறது. உயிரோடு இருக்கிறார். இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கூரியரைப் பிரித்துப் புதுப் பட்டை ஒட்டினேன். “ஏனுங்க, ஃபேன் போடட்டுங்களா?” மணி அடிக்கவில்லை. ரேடியோ? அதற்கும் அடிக்கவில்லை. மீசையைக் குறைக்கட்டுமா என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன்.

பட்டை மோசம் போலிருக்கிறது. மூன்று வாரம் அலமாரி மேல் கிடந்தது அல்லவா.

ஆகஸ்ட் 16, சனி

இந்துமதியும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள், மணி அடிக்கவில்லை. “கோவமாங்கப்பா?” என்றாள். நான் அதட்டினேன். என்ன கேள்வி அது? கோபப்படுவதற்கு என்ன இருக்கிறது?

நான் அந்தப் பக்கம் போனால் அவர் பார்வை ஜன்னல் பக்கம் போகிறது. வெளிச்சத்தைப் பார்க்கத் தோன்றுகிறதுபோல. கட்டிலைத் திருப்பிப் போட்டேன். இப்போது சுவரைப் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 20, புதன்

ரிஸ்வானாவுக்குப் போன் செய்தேன். அடுத்த வாரம் வருகிறாள். குழாயைச் சுற்றிப் புண், பஞ்சு மாற்றினேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ரிஸ்வானா லேப்டாப்போடு வந்தாள். இந்துமதி பள்ளிக்கூடத்தில் இருந்தாள், நல்லவேளை.

புதுப் பட்டை ஒட்டித் திரையில் கோட்டைக் காட்டினாள். பெட்டி வந்து மூன்று மாதம் கழித்து இன்றுதான் அதன் கோட்டைப் பார்க்கிறேன். நேர்க்கோடு. அதில் துளித்துளியாக ஒரு துடிப்பு. “இது சதையில்ல அம்மிணி, இதயம்” என்றேன். “ஆமா ஆன்ட்டி, கன்னத்துல கூட வருது பாருங்க, எங்க ஜெல் அவ்வளவு நல்லாப் பிடிக்குது” என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மெதுவாக, “ஆனா கன்னச் சதை போயிருச்சு ஆன்ட்டி. ஸாரி” என்றாள். இந்த நோயில் எதிர்பார்த்ததுதான் என்றேன்.

என்றைக்குப் போனது என்று கேட்டேன். சொல்ல முடியாதாம். நடுவில் மூன்று வாரம் பதிவே இல்லை. அப்படியானால் பன்னிரண்டாம் தேதி அவரால் முடியவில்லையா, என்னோடு பேசப் பிடிக்கவில்லையா? அதற்கு முன்னால் இருந்த மூன்று வாரத்தில் ஒருநாள் நான் ஒட்டியிருந்தால்?

அவள் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, “ஆன்ட்டி, ஜூலை பத்தொம்பது என்ன பட்டை போட்டிருந்தீங்க? காய்ஞ்சதா?” என்றாள். காய்ந்ததுதான் என்றேன். “சூப்பர் ஆன்ட்டி, இங்க பாருங்களேன்!”

பார்த்தேன். யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு அலை. சின்னது, சுத்தமானது. அவருடையது. அதற்குப் பிறகு நேர்க்கோடு. ஒன்பது விநாடி. அவர் எதையும் அடிக்க முயலவில்லை, பட்டையும் விட்டுப்போகவில்லை. இதயத் துடிப்புகூட அதில் ஒழுங்காக விழுந்திருக்கிறது. பிறகு திரையின் உச்சி வரை எகிறி விழுந்த ஒரு கோடு.

“இது கை பட்டது, இத விட்டுருங்க. அதுக்கு அப்புறம் பாருங்க. சின்னச் சின்னதா, ஒண்ணொண்ணா, நடுவுல இடைவெளி விட்டு விட்டு. பெல் அடிக்கற அளவுக்கு வரல. ஆனா காய்ஞ்ச ஜெல்லே பிடிச்சிருக்கு! இத நான் கட்டுரையில போடணும் ஆன்ட்டி. பதினொண்ணு இருக்கு. சார் அப்ப என்ன சொல்லிட்டு இருந்தாரு?”

இந்துமதி அவரைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாளே, அந்த நேரம். நான் டாக்டரின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“தெரியல அம்மிணி” என்றேன். அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு டம்ளரைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஒற்றை ஒற்றையாகப் பதினொரு தடவை.

செப்டம்பர் 1, திங்கள்

பூரணி அக்காவை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் போனேன். மெசினை எடுக்க முடியுமா என்று பொதுவாகக் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். “அவரே ஒத்துக்கிட்டுத்தானுங்கம்மா வெச்சோம்? கேஸ் சீட்டுல அப்படித்தான் எழுதியிருக்குது. இப்ப அவரால சொல்ல முடியாது. அவரு சொன்னத மாத்தறதுக்கு யாருக்கும் உரிமையில்லீங்க. நீங்க அசந்து போயிருக்கீங்க, ஒரு வாரம் நர்ஸ் வெச்சுக்கங்க.”

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அந்தக் கண்டக்டர் விசில் ஊதும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

நாளை ரிஸ்வானா வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறாள். வேறு வீட்டில் யாருக்கோ வேண்டுமாம். பள்ளிக்கூடம் லீவு, இந்துமதி வந்திருந்தாள். அடுப்படியில் வேலையாக இருந்தாள்.

டப்பாவில் ஒரு பட்டை இருந்தது. கன்னத்தைத் துடைத்து ஒட்டினேன். நான்கு ஓரமும் படிந்திருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன்.

“ஏனுங்க. அன்னைக்கு மெசின் போடலாமான்னு கேட்டனே. நீங்க என்ன சொன்னீங்க?”

மெசின் ஊதியது. எண்ணினேன். பதினாலு ஆயிற்று, இருபத்தெட்டு ஆயிற்று. எழுபது வரை எண்ணினேன், ஐந்து நிமிஷம். கண் சுவரில் இருந்தது.

கிட்டே போய் ஒரு விரலால் பட்டையை ஒருமுறை அழுத்தினேன். டிங். கையை எடுத்துக்கொண்டேன்.

இந்துமதி கரண்டியோடு ஓடிவந்தாள். “அம்மா! அப்பாவா? அப்பா அடிச்சாராங்கம்மா?”

“இல்ல கண்ணு. கை பட்டிருச்சு.”

“ஒண்ணுதான் கேட்டுச்சு. கொஞ்சம் பொறுங்க, இன்னொண்ணு வருதான்னு பாக்கலாம்.” மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். ஜூலையில் நின்ற அதே முகம். வரவில்லை. “செரி, நான் கொழம்ப எறக்கறேன்” என்று திரும்பினாள்.

“இந்து.”

“என்னங்கம்மா?”

“அன்னைக்கும் கைதான் பட்டுச்சு.”

அவள் வாசற்படியில் அப்படியே நின்றாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. அடுப்பில் தீய்கிற வாசம் வந்தது. அவளும் போகவில்லை, நானும் போகவில்லை.